காலித் துளிகளும் இளஞ்சிவப்பாகிவிடுகின்றன: நுண்குழல் சிப்பில் பாக்டீரியா சோதனை, உதவி தேவை

வைகைக்கரை · திங்கள், இரவு 9:40

அனைவருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. உயிர்த்தொழில்நுட்பம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். புராஜெக்ட் இதுதான்: ஈ.கோலி பாக்டீரியாவை ஒரு துளிக்கு ஒன்று என்று எண்ணெய்க்குள் அடைத்து, ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கி எது வளர்கிறது, எது சாகிறது என்று பார்ப்பது. வளர்ச்சியைக் காட்ட ரெசாசுரின் என்ற சாயம் சேர்க்கிறேன். உயிருள்ள செல் இருந்தால் நீலம் இளஞ்சிவப்பாக மாறும்.

சிப் நாங்களே வார்த்தது. பிடிஎம்எஸ் என்ற சிலிகோன் ரப்பர், கண்ணாடிமேல் பிளாஸ்மாவில் ஒட்டியது. நடுவில் தண்ணீர், இரு பக்கமும் எண்ணெய் வந்து நெருக்கும் வடிவம். வாய் அகலம் 50 மைக்ரான். எண்ணெய் மினரல் ஆயில், துளிகள் ஒன்று சேராமலிருக்க 2% ஸ்பான் 80 என்ற சர்ஃபாக்டன்ட்.

மூன்று பிரச்சினைகள்.

ஒன்று, முதல் பத்து நிமிடம் துளி அழகாக வருகிறது. அப்புறம் தண்ணீர் சுவரில் ஒட்டிக்கொண்டு நீளநீளமாகப் போகிறது. இரண்டு, நன்றாக வரும்போதும் பெரிது, சிறிது, பெரிது, சிறிது என்று தாளம் போட்டதுபோல் அளவு மாறுகிறது. மூன்றாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. பத்துத் துளிக்கு ஒன்றில்தான் செல் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு நீர்த்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் எல்லாத் துளியும் ஒரே இளஞ்சிவப்பு. கைசுத்தம் போதவில்லை, எங்கோ கலப்படம் என்கிறார் கைடு. நான்கு முறை எல்லாவற்றையும் ஆட்டோகிளேவ் செய்துவிட்டேன். அதேதான். ஜூனில் வைவா.

---

பட்டறைவாசி · திங்கள், இரவு 10:25

முதல் இரண்டுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. மூன்றாவதுக்கு வேறு யாராவது வருவார்கள்.

பிளாஸ்மா போட்டதும் பிடிஎம்எஸ் சுவர் தண்ணீரை விரும்பும் சுவராகிவிடும். உங்களுக்கு வேண்டியது எண்ணெயை விரும்பும் சுவர். சுவரைத் தண்ணீர் நனைத்துவிட்டால் எந்தப் பம்பாலும் அதைத் துளியாக வெட்ட முடியாது. ஒட்டிய சிப்பை 65 டிகிரி அடுப்பில் ஒரு ராத்திரி வையுங்கள், பிடிஎம்எஸ் பாதி தானாகவே பழைய குணத்துக்குத் திரும்பும். கீழே இருக்கும் கண்ணாடி திரும்பாது. அதற்குத்தான் பூச்சு. கார் கண்ணாடியில் மழைத் தண்ணீர் நிற்காமலிருக்கப் பூசுகிறார்களே அக்வாபெல், உலகம் முழுக்கத் துளி ஆய்வகங்களில் அதைத்தான் குழலுக்குள் விடுகிறார்கள். சிரிஞ்சில் எடுத்துக் குழல் நிறையும்வரை தள்ளி, அரை நிமிடம் விட்டு, காற்றை ஊதி வெளியேற்றிவிட்டுக் காயவைக்க வேண்டும். உள்ளே தேங்கிக் காய்ந்தால் துணுக்கு படிந்து அடைத்துக்கொள்ளும், ஊதுவதில் அவசரம் வேண்டாம். ஆனால் அது ஃப்ளூரின் பூச்சு, ஃப்ளூரினேற்றிய எண்ணெய்க்குத்தான் முழுப் பொருத்தம். உங்கள் மினரல் ஆயிலைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

தாளம் போடுவது சிரிஞ்ச் பம்பின் மோட்டார். அது வழுக்கிக்கொண்டு போவதில்லை, படிப்படியாகத் தள்ளுகிறது. பெரிய சிரிஞ்சில் குறைந்த வேகம் வைத்தால் ஒவ்வொரு படியும் துளியில் தெரியும். என்ன சிரிஞ்ச், என்ன வேகம்?

---

வைகைக்கரை · திங்கள், இரவு 10:31

5 மில்லி சிரிஞ்ச் அண்ணா. தண்ணீர் மணிக்கு 200 மைக்ரோலிட்டர், எண்ணெய் 400.

---

பட்டறைவாசி · திங்கள், இரவு 10:50

1 மில்லி சிரிஞ்சுக்கு மாறுங்கள். அதே வேகத்துக்குத் தண்டு இன்னும் வேகமாக நகரும், படிகள் நெருங்கிவிடும். மாற்றியதும் தாளத்தின் இடைவெளி குறைந்தால் குற்றவாளி பம்ப்தான் என்பது உறுதி. குறையாவிட்டால் வாயருகே தூசி இருக்கிறதா என்று பாருங்கள். துளை போடும்போது வரும் பிடிஎம்எஸ் துணுக்கு எப்போதும் அங்கேதான் போய் உட்காரும். ஒட்டுவதற்கு முன் சிப்பின் முகத்தில் செல்லோடேப்பை ஒட்டி உரித்து எடுங்கள். எல்லாத் திரவத்தையும் 0.22 மைக்ரான் வடிகட்டியில் விடுங்கள். பாக்டீரியா இருக்கும் திரவத்தை மட்டும் விடாதீர்கள், பாக்டீரியா வடிகட்டியில் தங்கிவிடும்.

துளியும் வாய் அகலமே, 50 மைக்ரான் என்றால் ஒன்றின் கொள்ளளவு 65 பிகோலிட்டர். மணிக்கு 200 மைக்ரோலிட்டர் என்றால் வினாடிக்கு 850 துளிக்கு மேல். நுண்ணோக்கியில் வெறும் கண்ணால் பார்த்தால் கோடாகத்தான் தெரியும். போனில் மெதுவேக வீடியோ எடுத்துப் பாருங்கள்.

மினரல் ஆயிலில் பிடிஎம்எஸ் கொஞ்சம் ஊறி வீங்கும், குழலின் அளவே மாறும். முடிந்தால் ஹெச்எஃப்ஈ 7500 போன்ற ஃப்ளூரினேற்றிய எண்ணெய்க்கு மாறுங்கள். அது ஆக்சிஜனை நன்றாகக் கரைத்து வைத்திருக்கும், உள்ளே இருக்கும் பாக்டீரியா மூச்சு முட்டாது. தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம் என்பதால் குப்பியில் துளிகள் மேலே வந்து பாலாடை மாதிரி மிதக்கும். எடுப்பது சுலபம்.

---

கேள்விக்குறி · செவ்வாய், காலை 7:15

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். 96 குழித் தட்டில் ஒரு குழிக்கு 100 மைக்ரோலிட்டர் விட்டு இதே சோதனையைச் செய்யலாமே? துளியாக்குவதால் மருந்து மிச்சம் என்பது புரிகிறது. அதற்காகவா இவ்வளவு சிரமம்?

---

எண்ணிப்பார் · செவ்வாய், காலை 8:02

ஐயா, நல்ல கேள்வி. மிச்சம் உண்மைதான். 2010-ல் ஹார்வர்டில் வெய்ட்ஸ் குழு ஒரு ஈஸ்ட் நூலகத்தைச் சலித்தது. ஒவ்வொரு ஈஸ்ட் செல்லும் ஒரு நொதியின் சற்றே மாறிய வடிவத்தைத் தன் மேற்பரப்பில் சுமந்திருந்தது. சுமார் பத்து மணி நேரத்தில் பத்துக் கோடி வினைகள், அத்தனைக்கும் சேர்த்துச் செலவான திரவம் 150 மைக்ரோலிட்டருக்கும் குறைவு. உங்கள் தட்டில் அது ஒன்றரைக் குழி.

ஆனால் என்னை இந்தத் துறைக்குள் இழுத்தது மிச்சம் அல்ல. ஒரு மில்லிலிட்டர் சோதனைக் குழாயில் ஒரே ஒரு பாக்டீரியாவைப் போடுங்கள். அது சுரப்பதெல்லாம் அந்த ஒரு மில்லிலிட்டரில் கரைந்து காணாமல் போகும். அதன் பேரப்பிள்ளைகள் லட்சக்கணக்கில் பெருகும்வரை உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அதே பாக்டீரியாவை ஒரு நானோலிட்டர் துளிக்குள் அடைத்தால், அந்தத் துளிக்குள் அதன் செறிவு மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம். வைகைக்கரையின் 65 பிகோலிட்டரில் ஒன்றரைக் கோடி! பெருகவே வேண்டாம், அடைத்த கணத்திலேயே அவ்வளவு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் இஸ்மகிலோவ் குழு 2008-ல் இதை வைத்துத்தான், மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸைப் பல மணி நேர முன்வளர்ப்பு இல்லாமலே கண்டறிந்து மருந்துக்கும் சோதித்தது.

இன்னொன்று, தட்டின் குழி சராசரியைச் சொல்லும். பத்தாயிரம் செல் செத்து ஒன்று தாங்கி நின்றாலும், மறுநாள் குழி கலங்கியிருக்கும். தாங்கியது ஒன்றா, ஐயாயிரமா? குழிக்குத் தெரியாது. துளிகளை எண்ணினால் தெரியும்.

---

கேள்விக்குறி · செவ்வாய், காலை 8:40

ஒரு பாக்டீரியா, மில்லிலிட்டருக்கு ஒன்றரைக் கோடி. இதை இன்றே பதினொன்றாம் வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டப்போகிறேன். நன்றி.

துளி உருவாவதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? எனக்குத் தோன்றியது பூந்தி. கரண்டிக் கண்ணிலிருந்து மாவு எண்ணெயில் விழுந்து தனித்தனியாக நிற்கிறது. மாவின் பதமும் கண்ணின் அளவும் சரியாக இருந்தால் எல்லாம் ஒரே அளவு. நெருக்கிப் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

---

பட்டறைவாசி · செவ்வாய், காலை 9:10

பூந்தி சரியான உவமை ஐயா. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூந்தியின் தோல் வெந்து இறுகுவதால் ஒட்டாமல் நிற்கிறது. இங்கே சூடு இல்லை, அந்தத் தோல் வேலையைச் செய்வது சர்ஃபாக்டன்ட். ஒரு முனை தண்ணீர்ப் பக்கம், மறுமுனை எண்ணெய்ப் பக்கம் என்று எல்லை முழுக்க வரிசையாக நின்று இரண்டு துளிகள் சேராமல் பார்த்துக்கொள்ளும்.

துளிக்குள் இரண்டு திரவம் கலப்பதற்கும் சமையலறையிலேயே உவமை உண்டு. இவ்வளவு சிறிய குழலில் சுழிப்பு கிடையாது, திரவங்கள் பக்கத்துப் பக்கத்தில் ஓடும், கலக்காது. அதனால் குழலை வளைத்து வளைத்துப் போடுவார்கள். ஒவ்வொரு வளைவிலும் துளிக்குள் இருப்பது நீண்டு மடிந்து, மறுபடி நீண்டு மடியும். பரோட்டா மாவை வீசி மடிப்பது போலத்தான். சில மில்லிவினாடியில் கலந்துவிடும். இதைக் காட்டியதும் அந்த இஸ்மகிலோவ் குழுதான், 2003-ல்.

---

நிறமி · செவ்வாய், மதியம் 1:20

வைகைக்கரை, உங்கள் கைசுத்தத்தில் குறையே இல்லை. இனி ஆட்டோகிளேவ் பக்கம் ஐந்தாவது முறை போகாதீர்கள்.

ரெசாசுரின் மாறியதும் வருவது ரெசோருஃபின். அது துளிக்குள் தங்காது. சின்ன மூலக்கூறு, எண்ணெய்க்கும் அவ்வளவு அந்நியம் இல்லை, சர்ஃபாக்டன்ட் கொத்துகளிலும் தொற்றிக்கொண்டு துளிவிட்டுத் துளி போகும். மினரல் ஆயிலும் ஸ்பான் 80-உம் என்றால் ரொம்ப வேகமாகப் போகும். ஃப்ளூரின் எண்ணெயில் மெதுவாகப் போகும், ஆனால் ராத்திரி முழுக்க வைத்தால் அங்கேயும் போகும். பத்தில் ஒரு துளியில் செல் இருந்தது, அது சாயத்தை மாற்றியது, சாயம் பக்கத்து ஒன்பதுக்கும் பரவியது. நீங்கள் பார்த்த இளஞ்சிவப்பு கசிவு.

இன்றே சோதிக்கலாம். ரெசோருஃபின் மட்டும் போட்ட துளிகள், வெறும் தண்ணீர்த் துளிகள், இரண்டையும் தனித்தனியாகச் செய்து ஒரே குப்பியில் கலந்து வையுங்கள். செல்லே வேண்டாம். ஒரு மணிக்கு ஒருமுறை படம் எடுங்கள். வெறும் துளி நிறமேறினால் விஷயம் முடிந்தது. இந்தப் படத்தைக் கைடிடம் காட்டுங்கள்.

நானும் ஆறு மாதம் இதே குழியில் கிடந்தேன். அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

---

வைகைக்கரை · செவ்வாய், மதியம் 1:34

அக்கா, இதைப் படித்துவிட்டு ஆய்வகத்திலேயே அழுதுவிட்டேன். நன்றி. இன்று சாயங்காலமே செய்கிறேன். அப்படியென்றால் எதை வைத்து வளர்ச்சியைப் பார்ப்பது?

---

நிறமி · செவ்வாய், மதியம் 1:50

புரதம் கசியாது, அது எண்ணெய்க்குள் போகாது. பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்தைச் செய்யும் ஈ.கோலி கிடைத்தால் அதை எடுங்கள். கல்லூரிகளில் செய்முறைக்கு வாங்கி வைத்திருக்கும் பி-குளோ பிளாஸ்மிட் (ஜிஎஃப்பி மரபணுவைச் சுமக்கும் சிறு டிஎன்ஏ வளையம்) உங்கள் துறையிலேயே இருக்கலாம். அராபினோஸ் சேர்த்தால்தான் ஒளிரும்.

சாயத்தையே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் துளிக்குள் பிஎஸ்ஏ புரதம் சேருங்கள். கசிவு மட்டுப்படும், நிற்காது.

---

எண்ணிப்பார் · செவ்வாய், மதியம் 2:15

நிறமி சொன்னது சரி, ஆனால் ஒரு ஆபத்து! பி-குளோவில் ஆம்பிசிலினைத் தாங்கும் மரபணு இருக்கிறது. பிளாஸ்மிட் ஏறிய செல்லைத் தேர்ந்தெடுப்பதே அதை வைத்துத்தான். அதைப் போட்டு ஆம்பிசிலின் சோதனை செய்தால் எல்லாம் உயிரோடு இருக்கும், மறுபடி கலப்படம் என்பார்கள். ஒன்று, கனமைசின் மரபணு உள்ள ஜிஎஃப்பி பிளாஸ்மிட் தேடுங்கள். அல்லது மருந்தை மாற்றிச் சிப்ரோஃப்ளாக்சசின் எடுங்கள்.

---

நிறமி · செவ்வாய், மதியம் 2:20

ஆமாம், அதை யோசிக்காமல் எழுதிவிட்டேன். எண்ணிப்பார் சொல்வதைக் கேளுங்கள்.

---

காவேரி டாக்டர் · செவ்வாய், இரவு 9:05

நுண்ணுயிரியல் துறையில் நோயாளிகளின் மாதிரிகளைப் பார்ப்பவன். இரண்டு விஷயம்.

துளிக்குள் செறிவு ஒன்றரைக் கோடி என்று மகிழ்கிறீர்கள். மருத்துவமனைக் கணக்கில் அதுவே சிக்கல். மருந்தின் அளவைத் தீர்மானிக்கும் வழக்கமான சோதனையில் மில்லிலிட்டருக்கு 5 லட்சம் பாக்டீரியா என்று வரையறுத்திருக்கிறார்கள். ஆம்பிசிலின் மாதிரி மருந்துகளில், மருந்தைச் சிதைக்கும் நொதி உள்ள பாக்டீரியாவின் செறிவு கூடக்கூட அதை அடக்கத் தேவைப்படும் மருந்தும் கூடும். அதனால் துளியில் வரும் எண்ணை எடுத்து, இந்த நோயாளிக்கு இந்த மருந்து கேட்கும், கேட்காது என்று சொல்லிவிட முடியாது. வைகைக்கரை, ஒப்பீட்டுக்கென்றே வைத்திருக்கும் ஏடிசிசி 25922 ஈ.கோலி வகையை வழக்கமான முறையிலும் துளியிலும் ஒரே நாளில் ஓட்டிப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். வைவாவில் முதல் கேள்வியே அதுதான் வரும்.

இரண்டாவது என் கேள்வி. டிஎன்ஏவைப் பன்மடங்காகப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆரில் துளி பிசிஆர் என்கிறார்களே, எங்களிடம் இருக்கும் சாதாரண ரியல்டைம் பிசிஆரைவிட அதில் என்ன கூடுதல்?

---

எண்ணிப்பார் · செவ்வாய், இரவு 10:10

டாக்டர், முதல் விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். துளிச் சோதனைக் கட்டுரைகள் பலவற்றில் இந்த ஒப்பீடு இல்லை என்பது எனக்கும் குறைதான்.

இரண்டாவது என் அன்றாட வேலை. 20 மைக்ரோலிட்டர் கலவையைச் சுமார் 20,000 துளியாக உடைக்கிறோம், ஒன்று ஒரு நானோலிட்டருக்குச் சற்றுக் குறைவு. பிசிஆர் ஓட்டிவிட்டு ஒவ்வொரு துளியாக ஒளி காட்டிப் படிக்கிறோம். ஒளிர்ந்தது, ஒளிரவில்லை, அவ்வளவுதான். 20,000-ல் 4,000 ஒளிர்ந்தால் டிஎன்ஏ 4,000 என்று அர்த்தம் இல்லை, சில துளியில் இரண்டு மூன்று இருந்திருக்கும். ஒளிராத 16,000 துளிகளை வைத்துப் பாய்சான் நிகழ்தகவுக் கணக்குப் போட்டால் சுமார் 4,460 வரும். ஒப்பிட்டுப் பார்க்க அளவுகோல் வரைபடம் தேவையில்லை. மாதிரியில் பிசிஆரைத் தடுக்கும் அழுக்கு இருந்து துளி மங்கலாக ஒளிர்ந்தாலும் ஒளிர்ந்தது ஒளிர்ந்ததுதான். அதனால்தான் கோவிட் காலத்தில் கழிவுநீரில் வைரஸை அளக்க இதைப் பல இடங்களில் எடுத்தார்கள்.

ரத்தப் புற்றுநோயில் BCR-ABL மரபணு இணைப்பு, தமிழில் எழுதினால் இதுவும் பிசிஆர்தான், ஆனால் இங்கே BCR என்பது மரபணுவின் பெயர், சோதனையான PCR அல்ல. அதைச் சிகிச்சையின்போது கண்காணிக்கும் துளி பிசிஆர் சோதனைக்கு அமெரிக்காவின் எஃப்டிஏ 2019-ல் அனுமதி கொடுத்தது. லட்சம் நல்ல பிரதிகளுக்கு நடுவே மிச்சம் இருக்கும் ஒன்றிரண்டைத் தேடும் இடங்களில்தான் இது தன் விலைக்கு வேலை செய்யும். டிஎன்ஏ ஏராளமாக இருக்கும் மாதிரியில் எல்லாத் துளியும் ஒளிர்ந்துவிடும், எண்ணவே முடியாது. உங்கள் வழக்கமான காய்ச்சல் சோதனைகளுக்கு உங்கள் மெஷினே போதும்.

---

வைகைக்கரை · புதன், காலை 6:50

ரெசோருஃபின் துளியும் வெறும் துளியும் கலந்து வைத்தேன். முதல் மணி நேரத்திலேயே வெறும் துளி நிறமேறத் தொடங்கிவிட்டது. மூன்றாம் மணியில் எது எது என்று தெரியவில்லை. கைடு படங்களைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், இதையே ஒரு அத்தியாயமாக எழுது என்றார்.

ஹெச்எஃப்ஈ எண்ணெய் வாங்கலாமா என்று கேட்டேன். விலையைக் கேட்டு மலைக்கிறார். அந்த நிறுவனமே நிறுத்திவிட்டதாமே?

---

பட்டறைவாசி · புதன், காலை 9:30

ஹெச்எஃப்ஈ 7500 சேர்ந்த நோவெக் வகையைச் செய்துவந்த 3எம், 2025 கடைசிக்குள் பிஎஃப்ஏஎஸ் எனப்படும் ஃப்ளூரின் சேர்மங்களின் தயாரிப்பையே நிறுத்துவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. மண்ணிலும் தண்ணீரிலும் சிதையாமல் தங்கும் சேர்மங்கள் என்பதால் உலகெங்கும் நெருக்கடி. நம் துறை இதை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். மாற்று விற்பனையாளர்கள் இருக்கிறார்கள், ஆனால் பொருள் அதே குடும்பம்தான். என்ன வாங்கினாலும் கழிவைச் சாக்கடையில் விடாமல் தனிக் குப்பியில் சேர்த்துவையுங்கள். இது என் வேண்டுகோள்.

வாங்கும்போது சிறிய அளவில் வாங்கிச் சோதித்துவிட்டு மீதியை வாங்குங்கள். பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில் நான் வாங்கிய சர்ஃபாக்டன்ட் கலவையில் துளிகள் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. அதே எண்ணெயில் வேறு சர்ஃபாக்டன்ட் போட்டதும் நின்றன.

ஜிஎஃப்பிக்கு மாறினால் மினரல் ஆயிலோடேகூட முடித்துவிடலாம், புரதம் அதிலும் கசியாது. அப்படியென்றால் அக்வாபெல் வேண்டாம். கீழே கண்ணாடிக்குப் பதில் மெல்லிய பிடிஎம்எஸ் தளம் ஒட்டி, அடுப்பில் ஒரு ராத்திரிக்குப் பதில் இரண்டு ராத்திரி வையுங்கள்.

---

வலைவீசி · புதன், மாலை 5:15

ஒற்றைச் செல் ஆர்என்ஏ பக்கம் வேலை செய்கிறேன். எங்கள் துறை இவ்வளவு பெரிதானதில் துளிக்குப் பெரிய பங்கு. 2015-ல் டிராப்-செக், இன்டிராப் என்ற இரண்டு முறைகளும் ஒரே இதழில் வந்தன. டிராப்-செக் எலியின் விழித்திரையிலிருந்து 44,808 செல்களைப் பிரித்து 39 வகை கண்டது. துளியில் செல்லோடு ஒரு நுண்ணிய பாசிமணியும் போகும். அந்த மணியில் 12 எழுத்து டிஎன்ஏ முகவரி, நான்கு எழுத்தில் 12 இடம் என்றால் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கு மேல் முகவரிகள். அப்புறம் எல்லாத் துளியையும் உடைத்து ஒன்றாகக் கொட்டினாலும், எது எந்தச் செல்லிலிருந்து வந்தது என்று முகவரி சொல்லும்.

வைகைக்கரைக்கு இங்கிருந்து ஒரு பாடம். சிரிஞ்சில் செல் அடியில் படியும். முதல் பத்து நிமிடத் துளியில் ஒரு எண்ணிக்கை, கடைசிப் பத்து நிமிடத்தில் வேறு. பெரிய செல்லுக்கு ஆப்டிபிரெப் என்ற கனமான கரைசலைச் சேர்த்துத் திரவத்தின் அடர்த்தியை ஏற்றுவோம். பாக்டீரியா மெதுவாகப் படியும், ஆனாலும் ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் துளி எடுத்து எண்ணிப் பாருங்கள்.

சிப்பே இல்லாத வழியும் வந்துவிட்டது. ஒரே அளவான ஜெல் மணிகளோடு மாதிரியையும் எண்ணெயையும் குப்பியில் போட்டு வோர்டெக்ஸ் என்ற குலுக்கும் கருவியில் குலுக்கினால், ஒவ்வொரு மணியையும் சுற்றி ஒரு துளி உருவாகும். 2023-ல் அபாட்டே குழு இதை வைத்து ஒற்றைச் செல் வரிசைப்படுத்தலே செய்து காட்டியது. பம்ப் வாங்க முடியாத கல்லூரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

---

எண்ணிப்பார் · புதன், மாலை 6:00

வைகைக்கரை, நீர்ப்பதற்குக் கணக்கு: 65 பிகோலிட்டர் துளிக்குச் சராசரி 0.1 செல் என்றால் மில்லிலிட்டருக்குச் சுமார் 15 லட்சம். ஓடி (கலங்கலின் அளவு) 1 இருக்கும் வளர்ப்பில் மில்லிலிட்டருக்கு 80 கோடி என்று கொண்டால் 500 மடங்கு நீர்க்க வேண்டும். 90.5 சதவீதத் துளி காலி, 9 சதவீதத்தில் ஒன்று, அரை சதவீதத்தில் இரண்டோ அதற்கு மேலோ. காலித் துளிகளைப் பார்த்து வருத்தப்படாதீர்கள். ஒளிர்ந்த துளியில் இருந்தது ஒரே செல் என்று நீங்கள் நம்புவதற்கு அவைதான் காரணம்.

---

வைகைக்கரை · ஞாயிறு, இரவு 11:20

பிடிஎம்எஸ் தளம், இரண்டு ராத்திரி அடுப்பு, 1 மில்லி சிரிஞ்ச். ஒரு மணி நேரம் ஓட்டினேன், சுவரில் ஒட்டவே இல்லை. தாளம் போய்விட்டது. பக்கத்துத் துறையில் கனமைசின் மரபணு உள்ள ஜிஎஃப்பி ஈ.கோலி கொடுத்தார்கள். முதலில் மருந்தில்லாமல் ஓட்டினேன். ஆறு மணி நேரம் கழித்து 1,140 துளி எண்ணினேன். 97 பச்சை, மீதி இருட்டு.

நாளை ஆம்பிசிலினோடு ஓட்டுகிறேன். டாக்டர் சொன்ன ஏடிசிசி 25922-ஐ வழக்கமான முறையில் அதே நாளில் ஓட்டத் தட்டு தயார் செய்துவிட்டேன். ஆனால் அது ஒளிராத வகை. துளிக்குள் அதன் வளர்ச்சியை எதை வைத்துப் பார்க்கலாம் அக்கா?

---

நிறமி · ஞாயிறு, இரவு 11:41

ஒளியே வேண்டாம். ஒரு செல் வளர்ந்து துளி நிறையும்போது சாதாரண நுண்ணோக்கியிலேயே உள்ளே மணல்மணலாகத் தெரியும், காலித் துளி கண்ணாடி மாதிரி இருக்கும். 40 மடங்கு லென்ஸில் முதலில் பச்சைத் துளிகளையே ஒளி இல்லாமல் பார்த்துப் பழகுங்கள். எத்தனை சரியாகச் சொல்கிறீர்கள் என்று ஒளி போட்டுச் சரிபாருங்கள். அந்த எண்ணிக்கையையும் ஆய்வேட்டில் எழுதுங்கள்.